பீரோவில் இருந்த சர்டிஃபிகேட்

பாடம் முடிந்து மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. கும்பகோணத்தில் அந்த ஆசிரியரிடம் கீதை படிக்க வருபவள். அம்மா இறந்து நான்கு மாதமாகியும் பீரோவை ஒழிக்கக் கை வரவில்லை.

"நைந்த துணியைக் களைவதுபோல் உயிர் உடலைக் களைகிறது என்று பாடம் சொன்னீர்கள், ஐயா. உடலே துணி என்றால், அந்த உடல் உடுத்திய சேலைக்கு அழுவது அறியாமைதானே?"

"அந்த உவமை போகிறவரைப் பற்றியது. களைந்த துணியோடு நிற்பவரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை."

"அறிந்தவர் வருந்தமாட்டார் என்று அதற்கு முன்பே வருகிறதே?"

"வருகிறது. இன்னும் நடக்காத சாவுகளை நினைத்துக் கலங்கியவனுக்குச் சொன்னது அது. உன் வீட்டில் சாவு நடந்து முடிந்துவிட்டது."

பிறகு அவர் ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் இஷியூச்சி மியாக்கோவைப் பற்றிச் சொன்னார். தாய்க்கும் அவருக்கும் அவ்வளவாக ஒத்துப்போனதில்லை. 2000இல் தாய் இறந்தபின், அவர் விட்டுச்சென்றவற்றை எறிய மனமின்றி ஒவ்வொன்றாகப் படமெடுத்தார்: தேய்ந்த லிப்ஸ்டிக், பல்செட், தலைமுடி சிக்கிய பிரஷ், வெளிச்சம் ஊடுருவும் உள்ளாடைகள். 2005இல் வெனிஸ் பியன்னாலேயில் ஜப்பான் அரங்கில் அந்தப் படங்கள் வைக்கப்பட்டன. பின்னர் ஹிரோஷிமா நினைவு அருங்காட்சியகத்தில், அணுகுண்டுக்குப் பலியானவர்களின் உடைகளையும் அவர் படமெடுத்தார்.

"தாயின் உள்ளாடையை ஊர் பார்க்க வைக்கலாமா? அந்தம்மா சம்மதித்திருப்பாரா?"

நியாயமான கேள்வி. ஆசிரியரும் அதைத் தட்டிக்கழிக்கவில்லை.

"சம்மதித்திருப்பார் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று. இஷியூச்சி மியாக்கோ என்பது கல்யாணத்துக்கு முன் அந்தத் தாய்க்கு இருந்த பெயர். மகள் அதையே தன் தொழில் பெயராக வைத்துக்கொண்டார். அந்தக் காலத்திலேயே டிரைவிங் லைசென்ஸ் எடுத்து லாரி ஓட்டிய பெண் அந்தத் தாய். மகள் தேடியது அம்மாவை மட்டுமில்லை, அம்மா ஆவதற்கு முன்னிருந்தவரையும்தான்."

மாணவி சற்று நேரம் பேசவில்லை.

"பீரோ லாக்கரில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணின சர்டிஃபிகேட் இருந்தது, ஐயா. தாத்தா இனிஷியலோடு அம்மா பெயர். அம்மா டைப் அடித்து நான் பார்த்ததே இல்லை. மடிப்பு கிழிந்து, பின்பக்கம் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது. டேப்பும் பழுத்துப்போயிருந்தது. அன்று பீரோவைப் பூட்டியதுதான்."

"லாக்கரில் சும்மா கிடந்த காகிதம் மடிப்பில் அப்படிக் கிழியாது. அடிக்கடி பிரித்துப் பார்த்திருக்கிறார்."

அவள் கண் கலங்கியது. "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லவில்லை என்ற வருத்தம் இருக்கட்டும். தெரிந்த அம்மாவுக்கு அழுதாகிவிட்டது. இது உனக்குத் தெரியாமலே போனவருக்கான அழுகை. பொருள்களைத் தொட்டால்தான் அது வருகிறது. அவசரப்பட்டு ஒழிக்காதே. அம்மாவோடு பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?"

"பாபநாசத்தில் பெரியம்மா இருக்கிறார்."

"கூட்டி வந்து அவர் முன்னால் பீரோவைத் திற. எந்தச் சேலை யாருக்கு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த இன்ஸ்டிடியூட்டில் படித்தார், ஏன் நிறுத்தினார் என்று முதலில் கேள்."