ஆயாவை ஹோம்ல விட்டது பாவமா?

முருகா சரணம்! வேலும் மயிலும் துணை.

நண்பர்களே, இந்த வாரம் தல வரலாறு எதுவும் எழுதல. எங்க வீட்டுல நடந்ததை எழுதுறேன். உங்க வீட்டுலயும் இந்தக் கேள்வி ஒருநாள் வரலாம்.

நாங்க இருக்கிறது கொடுங்கையூர். ரெண்டு ரூம் வீடு. அப்பாவுக்கு ஷிஃப்ட் வேலை, அம்மாவுக்குத் தையல் கம்பெனி வேலை, எனக்கு அம்பத்தூர்ல வேலை. அப்பாவோட அம்மாவை ஆயான்னு கூப்பிடுவோம். வயசு 79. ரெண்டு வருஷமா மறதி நோய். ஒருநாள் கேஸைத் திறந்துவிட்டுப் பத்த வைக்க மறந்துட்டாங்க. இன்னொரு நாள் விடியக்காலையில கதவைத் திறந்துட்டுப் போய், குப்பை லாரிங்க போற ரோட்டுல நின்னுட்டு இருந்தாங்க.

அதுக்கப்புறம் அம்மா வேலையை விட்டாங்க. ராத்திரி தூக்கமும் போச்சு. ஆயாவைத் தூக்கித் தூக்கி அம்மாவுக்கு முதுகு வலி வந்துடுச்சு.

பணம் கட்டி, கூடவே ஆள் வெச்சுப் பார்த்துக்கிற ஹோம்ல சேர்க்கலாமான்னு நான்தான் முதல்ல கேட்டேன். அத்தைக்கு வந்துச்சே கோவம்! "அம்மா அப்பாவைச் சுத்தி வந்த பிள்ளையாருக்குத்தான் பழம் கிடைச்சுது. தினமும் முருகா முருகான்னு சொல்றியே, இந்தக் கதை தெரியாதா உனக்கு?"

என்னால பதில் சொல்ல முடியல. ஆனா அன்னைக்கு ராத்திரி ஒரு விஷயம் உறைச்சுது. எங்க வீட்டுல ஆயாவைச் சுத்தி வந்தது அம்மா ஒருத்தங்கதான். நானும் அப்பாவும் அத்தையும் ஓரமா நின்னு புராணம் பேசிட்டு இருந்தோம். ஒருத்தங்க உடம்பை உருக்கித்தான் நம்ம குடும்பப் பேரு காப்பாத்தப்படுதுன்னா, அது என்ன தர்மம்?

இதுல சட்டம் என்ன சொல்லுதுன்னும் பார்த்தேன். 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, நாம பார்த்துக்க வேண்டிய பெரியவங்களை அடியோட கைவிடணும்னே எங்கயாவது விட்டுட்டுப் போனா மூணு மாசம் வரை ஜெயில், இல்ல 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லன்னா ரெண்டுமே. அதே சட்டம்தான் மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது அரசு அமைக்கலாம்னும் சொல்லுது. அப்போ தப்பு இல்லத்துல இல்ல, கைவிடுறதுலதான் இருக்கு. நம்ம சென்னையிலயே 1978-ல் சாவித்திரி வைத்தி அம்மா ஆதரவில்லாத பாட்டிகளுக்காக 'விஸ்ராந்தி' இல்லத்தை ஆரம்பிச்சாங்க. அதைப் பாவம்னு யாராவது சொல்வோமா?

சரி, முருகனும் வீட்டை விட்டுப் பழனிக்குப் போனவர்தானே, சிவனும் பார்வதியும் தேடிப் போய்ப் பார்த்தாங்களேன்னு சமாதானம் சொல்லிக்கப் பார்த்தேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன். முருகன் தானா முடிவெடுத்துக் கிளம்பினவர். ஆயாவை யாரு கேட்டா? ஹோமுக்குக் கட்டப் போற பணத்துல பாதி தாத்தாவோட பென்ஷன், அதாவது ஆயா பணம். ரெண்டு மாசம் ஆயா எதிர்லயே சண்டை போட்டோம். ஒருத்தரும் ஆயாகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. மறதி வந்தவங்களுக்கு என்ன தெரியப் போகுதுன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம்.

மனசு தெளிவா இருந்த ஒரு காலையில, பக்கத்துல உட்கார்ந்து மெதுவா எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் ரெண்டே கேள்வி. "அங்க சாமி படம் வெக்க விடுவாங்களா?" "கிருத்திகைக்குக் கிருத்திகை வருவியாடா?"

வருவேன்னு சொன்னேன். முதல்ல ஒரு மாசம் இருந்து பார்க்கட்டும், பிடிக்கலைன்னா கூட்டிட்டு வந்துடலாம்னு பேசி முடிச்சோம். செங்குன்றம் பக்கம் ஒரு இடம் பார்த்தோம். மூலக்கடையில பஸ் ஏறினா போயிடலாம். ஆயாவுக்கு அங்க பழகிடுச்சு. அம்மாவும் இப்போ நிம்மதியாத் தூங்குறாங்க.

இனிமே சொல்றதுதான் எனக்கு வெட்கமான விஷயம். சொந்த வீடு அமையணும்னு சிறுவாபுரிக்கு ஆறு செவ்வாய்க்கிழமை வேண்டிக்கிட்டேன். அதுல ஒரு செவ்வாய், கிருத்திகையும் சேர்ந்து வந்துச்சு. கோவில்ல செம கூட்டம். தரிசனம் முடியவே ராத்திரி ஆயிடுச்சு. திரும்பி வர்ற வழியிலதான் செங்குன்றம். அசதியா இருந்துச்சு, இறங்காம நேரா வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள் அம்மா போன் பண்ணிக் கேட்டா, ஆயா காலையில இருந்து வாசல் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்களாம். என் பேரையே மறந்து போறவங்க, கிருத்திகையை மறக்கல.

முருகனுக்குச் சொன்ன ஆறு வாரத்துல ஒண்ணு கூட நான் தவற விடல. ஆயாவுக்குச் சொன்னதைத்தான் விட்டேன். இப்போ என்னைக் கேட்டா, ஹோம்ல சேர்த்தது பாவம் இல்லன்னுதான் சொல்வேன். அன்னைக்கு செங்குன்றத்துல இறங்காம வந்தேனே, அதுதான் பாவம்.

உங்க வீட்டுல இந்த நிலைமை வந்தா, முதல்ல பெரியவங்ககிட்டயே கேளுங்க. ஹோமுக்கு நேர்ல போய், ராத்திரி எத்தனை பேர் இருப்பாங்க, மறதி உள்ளவங்களைப் பார்த்துக்கத் தெரிஞ்ச ஆள் இருக்காங்களா, எப்ப வேணும்னாலும் வந்து பார்க்கலாமான்னு விசாரிங்க. முதியோர் உதவி எண் 14567, இலவசம். முக்கியமா, நீங்க அடிக்கடி போய்ட்டு வர்ற தூரத்துல இடம் பாருங்க.

அடுத்த கிருத்திகைக்கு முதல்ல செங்குன்றத்துல இறங்கி ஆயாவைப் பார்த்துட்டு, அப்புறம்தான் சிறுவாபுரி. முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!