பையும் பந்துகளும்

ஒரு பையில் ஐந்து சிவப்புப் பந்துகளும் மூன்று நீலப் பந்துகளும் இருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பந்துகளை எடுக்கிறோம். முதலில் எடுத்ததைத் திருப்பிப் போடுவதில்லை. இரண்டும் சிவப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

சைதாப்பேட்டையில் இந்தக் கணக்கு பலருக்கும் பழக்கமானது. 1856-ல் தோன்றிய ஆசிரியர் கல்லூரி நிலைகொண்ட ஊர் இது. ஆட்சிப் பணித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி தந்து பெயர் பெற்ற மனிதநேய மையத்தை நிறுவியவரும் இந்த ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு தாங்கியவர்தாம்.

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் எதிர்வீட்டுப் பெண் இந்தக் கணக்கை என் முன்னால் போட்டாள். முதல் பந்து சிவப்பாக வர எட்டில் ஐந்து. அது போனபின் ஏழில் நான்கு. பெருக்கினால் பதினான்கில் ஐந்து. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "சார், 2024-ல் குரூப் 4 எழுதினேனே, அதில் என் நிகழ்தகவு என்ன? ஒழுங்காகப் படித்திருந்தால் கிடைத்திருக்கும் என்று அப்பா இன்னும் சொல்லிக்காட்டுகிறார்."

அந்த ஆண்டு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்களோ 20 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு 320 பேருக்கு மேல் என்று ஆகிறது. ஆனால் அவளுடைய நிகழ்தகவு 320-ல் ஒன்று என்று சொல்ல மாட்டேன். பையிலுள்ள பந்து படிப்பதில்லை, அவள் படிக்கிறாள். படிப்பின் பயனைத் தேர்வுக் கணக்கே ஒப்புக்கொள்கிறது. வங்கித் தேர்வில் ஐந்து விடைகள். தவறினால் கால் மதிப்பெண் போகும். கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவனுக்கு, நாலு முறை இழப்பதும் ஒரு முறை பெறுவதும் சராசரியில் நேராகிவிடும், கிடைப்பது பூஜ்யம். ஆனால் ஒரு விடை தவறென்று நிச்சயமாகத் தெரிந்து அதை விலக்கிவிட்டாலே தராசு அவன் பக்கம் சாய்கிறது. அறிவு சிறிதானாலும் அதற்கு மரியாதை உண்டு.

அப்படியானால் தகப்பனார் சொன்னது சரிதானா? இல்லை என்பதே என் துணிபு. 20 லட்சம் பேரும் இராப்பகலாகப் படித்திருந்தாலும் உள்ளே போகிறவர்கள் இருக்கும் இடங்களின் அளவுக்குத்தாம். ஒருத்தி கூடுதலாகப் படித்தால் இன்னொருத்தியை முந்தலாம்; எல்லோரும் படித்தால் நாற்காலிகள் பெருகுவதில்லை. வெளியே நிற்கிறவர்களின் எண்ணிக்கையைத் தீர்மானித்தது அவர்களுடைய சோம்பல் அன்று. வெறும் கழித்தல் கணக்கு. அதைக் குணக்கேடு என்று வீட்டுக்கு வீடு பேசுவது அநியாயம் அல்லவா?

நளன் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. சூதில் நாடிழந்து, தேரோட்டியாகத் தாழ்ந்தவன் அவன். ஒரு மரத்தின் இலைகளையும் காய்களையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொன்ன இருதுபன்னனிடம் எண்ணின் வித்தையைக் கற்றுக்கொண்டான். கற்றதும் கலி அவனை விட்டு நீங்கியதாக மகாபாரதம் சொல்கிறது. அர்த்தம் நிறைந்த இடம் அது. தோல்வியில் எவ்வளவு தன் குறை, எவ்வளவு பகடையின் குணம் என்று பிரித்தறியாத வரையில் மனிதனைக் கலி பிடித்து ஆட்டத்தான் செய்யும். அந்தப் பெண் கற்கும் கணக்குக்கு மதிப்பெண்ணைவிடப் பெரிய பயன் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வென்றவர்களுக்கும் இந்தக் கணக்கில் ஒரு பாடம் உண்டு. "திருப்பிப் போடாமல்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு சிவப்புப் பந்து வெளியே வந்ததும், அடுத்தது சிவப்பாக வரும் வாய்ப்பு குறைந்துவிடுகிறது. ஒருவர் பெற்ற இடம் இன்னொருவருக்கு இல்லாமற்போன இடம். உழைத்தேன், பெற்றேன் என்பது உண்மைதான்; ஆனால் அது முழு உண்மை ஆகாது. அதே அளவு உழைத்தும் ஒரே ஒரு கேள்வியில் பின்தங்கியவர்கள் இருக்கிறார்கள். நாளைக்குச் சாதிச் சான்றிதழுக்கோ பட்டா மாறுதலுக்கோ கையில் மனுவோடு அவர்களில் ஒருவர் வந்து நிற்கலாம். மேஜைக்குப் பின்னால் இருப்பவர் அவரை உட்காரச் சொல்லிப் பேசினால் போதும். கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டவர் என்று நான் ஒப்புக்கொள்வேன்.