ஓய்வு நாளின் பானை

ஸ்லோ குக்கரைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. சமையலில் பிடிப்புள்ளவர்கள் அதைச் சோம்பேறிகளின் சாதனம் என்பார்கள். பக்கத்திலேயே நின்னு கிளறினாத்தான் குழம்பில் ருசி இறங்கும் என்பது அவர்கள் கட்சி. இன்னொரு தரப்புக்கு அது ஒரு வரம். காலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஆபீஸ் போனால் சாயங்காலம் சூடான ஸ்டூ தயார். இரண்டு பேரும் நேரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த நேரம் யாருடையது என்பதை மட்டும் இருவரும் கேட்பதில்லை.

கருவி என்று பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பீங்கான் பானை, அதைச் சுற்றி வெப்பக் கம்பி ஓடும் உறை, ஒரு கண்ணாடி மூடி. விசில் கிடையாது, அழுத்தம் கிடையாது. நடுத்தர அளவுள்ள குக்கர் 200 வாட் சொச்சம் இழுக்கும். ‘லோ’, ‘ஹை’ என்று இரண்டு நிலை இருந்தாலும் பெரும்பாலான மாடல்களில் இரண்டும் கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் போய் நிற்கும். போய்ச்சேரும் வேகம்தான் வேறு. மாட்டின் கால், தோள் பகுதி போன்ற மலிவான, முரட்டுத் துண்டுகளுக்கு இது தோதான இடம். அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும் கொலாஜன் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் மணிக்கணக்கில் கிடந்தால் கரைந்து ஜெலட்டினாகிறது. சாறு கெட்டிப்பட்டு உதட்டில் ஒட்டுவது அதனால்தான். இதில் கிளறுகிறவருக்கு ஒரு பங்கும் இல்லை. சொல்லப்போனால், மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறவர் சேர்ந்த சூட்டை வெளியே விட்டு நேரத்தைக் கூட்டுகிறார்.

அதற்காக, எதையும் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்றும் இல்லை. ராஜ்மா சேர்த்துச் செய்கிற சில்லியை எடுத்துக்கொள்ளுங்கள். வேகாத ராஜ்மாவில் வயிற்றைப் புரட்டிப்போடும் லெக்டின் வகை நச்சு ஒன்று உண்டு. கொதிக்கும் நீரில் குறைந்தது 10 நிமிடம் இருந்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் இதமான சூடு அதற்குப் போதாமல் போகலாம். அதனால் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, அடுப்பில் தனியாகக் கொதிக்கவிட்ட பிறகே பானைக்குள் போட வேண்டும். விட்டுவிட்டுப் போவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. முன்னால் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தவருக்குத்தான் அது கிடைக்கிறது.

இந்தக் கருவியின் பூர்வீகமும் அப்படி விட்டுவிட்டுப் போன ஒரு பானைதான். சிகாகோவில் வாழ்ந்த இர்விங் நாக்ஸன் என்ற பொறியாளர் 1940-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பம் அவருடையது. அங்கே வெள்ளிக்கிழமைகளில் சோலன்ட் பானையை ஊர் பேக்கரிக்குக் கொண்டுபோய் வைத்த கதையை அவருடைய அம்மா சொல்லியிருக்கிறார். பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, கிடைத்தால் இறைச்சி என எல்லாம் சேர்ந்த கெட்டியான குழம்பு சோலன்ட். அணைத்த அடுப்பின் மிச்சச் சூட்டில் பானை இரவெல்லாம் கிடந்து வேகும். சனிக்கிழமை மதியம் எடுத்துச் சாப்பிடுவார்கள்.

எதற்கு இத்தனை மெனக்கெடல்? வெள்ளி அந்தியிலிருந்து சனி இருட்டும் வரை சபாத், ஓய்வு நாள். அன்று நெருப்பு மூட்டக்கூடாது, சமைக்கக்கூடாது. முன்பே ஏற்றிவைத்தது தானாக வெந்துகொண்டிருக்கலாம். அதிலும் மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு ஒரு நிபந்தனை வைக்கிறது: அடுப்பிலுள்ள கங்கை முதலில் வாரிவிட வேண்டும், அல்லது மேலே சாம்பலைப் போட வேண்டும். இல்லாவிட்டால் பானை அரைகுறையாக வெந்திருப்பதைப் பார்த்ததும் கை சும்மா இருக்காது, கங்கைக் கிளறிவிடும் என்று உரைகாரர்கள் பயந்தார்கள். மனிதக் கையை நன்றாகத் தெரிந்தவர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புரொடக்‌ஷனில் கைவைக்காதே என்று எங்கள் மென்பொருள் துறையிலும் ஒரு வழக்கு உண்டு. காரணம் வேறு, எங்களுக்குச் சனிக்கிழமை வரப்போகும் போன்காலைப் பற்றிய பயம். ஆனால் ஒன்றைத் தொடாமல் இருக்கக்கூட விதி தேவைப்படுகிறது என்ற இடத்தில் இரண்டும் ஒன்றுதான்.

அந்த ஓய்வு வீட்டுத் தலைவருக்கு மட்டுமான சலுகையும் இல்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, ஊருக்குள் வந்து தங்கிய அந்நியன் என்று பத்துக் கட்டளைகளில் ஒரு பட்டியலே வருகிறது. அதில் மனைவியைக் காணோம். ‘நீ’ என்பதிலேயே அவளும் அடக்கம் என்று விளக்கம் சொல்வார்கள். அந்த விளக்கம் உண்மையா என்று சோதித்துப் பார்க்கச் சமையலறையைவிட நல்ல இடம் கிடையாது. மதியம் எல்லாருக்கும் சூடான சாப்பாடு வேண்டும். சமைத்தவளும் கூடவே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இரண்டையும் சேர்த்து நடக்கவிட்டது அந்தப் பானைதான். வெள்ளிக்கிழமை அவளுக்கு இரட்டை வேலை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த வேலைக்கு ஒரு முடிவு இருந்தது. பொழுது சாய்ந்ததும் ‘போதும், விடு’ என்று சொல்ல ஊரே ஒத்துக்கொண்ட ஒரு விதி இருந்தது. நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அப்படி ஒரு விதி இல்லை. எல்லாருக்கும் லீவு, கறிக்குழம்பு வைக்கிறவருக்கு மட்டும் டபுள் டியூட்டி.

1970-ல் ரைவல் என்ற நிறுவனம் நாக்ஸனின் தொழிலை வாங்கியது. மறு வருடமே குக்கர் ‘கிராக்-பாட்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. அமெரிக்காவில் மணமான பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். 1975-ல் மேபல் ஹாஃப்மன் எழுதிய ஸ்லோ குக்கர் சமையல் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. ஓய்வு நாளுக்காக வந்த பானை வேலை நாளுக்காக விற்கப்பட்டது. பானை மட்டும்தான் கைமாறியது, விதி கூட வரவில்லை.

இதை வீழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனமில்லை. கையில் சொந்தச் சம்பளம் இருப்பது சின்ன விஷயமில்லை. களைத்து வந்து கதவைத் திறக்கும்போது மூக்கில் ஏறும் ஸ்டூ வாசனையும் சின்ன விஷயமில்லை. அதைக் கேலி செய்கிறவர்கள் பெரும்பாலும் மறுநாள் சமைக்க வேண்டியிராதவர்கள். நின்னு கிளறினாத்தான் அன்பு என்கிற வாதமும் எனக்குச் சந்தேகமாகவே படுகிறது. யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது கொலாஜனுக்குத் தெரியாது. ருசி என்ற பெயரில் நாம் கேட்பது பல சமயம் இன்னொருவர் நமக்காக நின்ற நேரத்தைத்தான்.

என்னை உறுத்துவது வேறு. தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் வெளியான ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ நூலில் இதே ஸ்டூவை வைத்து ஒரு கணக்குப் போடுகிறார். பழைய அமெரிக்கப் பண்ணைவீட்டில் ஒரு பானை ஸ்டூ வேக வேண்டுமென்றால் ஆண் விறகு வெட்ட வேண்டும், பெண் சமைக்க வேண்டும். இரும்பு அடுப்பு வந்தது. விறகுத் தேவை குறைந்தது. ஆணுக்கு வேலை மிச்சம். பெண்ணுக்கு என்ன ஆயிற்று? ஒரே பானையில் எல்லாம் வெந்த காலம் போய், ஒரே வேளைக்குப் பல பதார்த்தங்கள் செய்யலாம் என்றானது. கொஞ்ச நாளில் அந்தச் ‘செய்யலாம்’ ‘செய்யணும்’ ஆனது.

எத்தனை நிமிடம் மிச்சம் என்று எண்ணிச் சொல்ல என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். அந்த நிமிடங்கள் யாருக்குப் போக வேண்டும் என்பதை நிரலில் எழுத முடியாது. பேசி ஒதுக்காத நேரம் இன்னொரு மீட்டிங்காகவோ இன்னொரு பதார்த்தமாகவோ மாறிவிடும். காலையில் காய் நறுக்குவது யார், ராத்திரி ராஜ்மாவை ஊறப்போட ஞாபகம் வைத்திருப்பது யார், எத்தனை மணிக்கு மேல் இந்த வீட்டில் யாரும் எந்த வேலையும் செய்வதில்லை என்பதையெல்லாம் அந்தந்த வீட்டில் உட்கார்ந்துதான் முடிவுசெய்ய வேண்டும். மதமில்லாதவர்களுக்கும் அப்படி ஒரு பொழுது சாயும் நேரம் தேவைப்படுகிறது.

சபாத் விதிகளில் பாத்திரம் கழுவுவதைப் பற்றியும் ஒன்று உண்டு. அன்றைக்கே மறுபடி தேவைப்படாத பாத்திரத்தை அன்று கழுவக்கூடாது, அது நாளைய வேலையை ஓய்வு நாளில் செய்வதாகிவிடும். ஸ்லோ குக்கரின் பீங்கான் பானையோ நல்ல கனம். ஓரத்தில் காய்ந்து பிடித்தது ஊறினால்தான் போகும். சாப்பிட்டதும் அதில் தண்ணீரை ஊற்றி அப்படியே வைத்துவிட்டு எல்லாரும், சமைத்தவரும் சேர்ந்து, உட்கார முடிகிற வீட்டுக்குத்தான் அந்தக் கருவி மிச்சப்படுத்திய நேரம் வந்துசேர்ந்திருக்கிறது என்பேன்.