குடிகொள்ளுதல்

தமிழில் 'குடிகொள்ளுதல்' என்னும் சொல் மனிதருக்கும் தெய்வத்துக்கும் பொதுவானது. குடும்பம் புதிய ஊரில் குடியேறுகிறது, அங்கே குடியிருக்கிறது. அதே ஊரின் எல்லையில் அம்மன் குடிகொண்டிருக்கிறாள் என்றும் சொல்லப்படுகிறது. இந்தப் பொதுமை தற்செயலாக அமைந்ததாகத் தோன்றவில்லை. தெய்வமே ஆனாலும் ஓரிடத்துக்கு வந்து சேர்ந்து, அங்குள்ளவர்களால் ஏற்கப்பட்டு, அவர்களோடு முறை கொண்ட பிறகே அவ்விடத்துக்கு உரியதாகிறது என்னும் எண்ணம் அச்சொல்லுக்குள் இருக்கிறது. அப்படியானால் மனிதர் ஓரிடத்துக்கு உரியவராவது எதனால், பிறப்பாலா, வலிமையாலா, பட்டாவாலா, அல்லது வேறொன்றாலா என்னும் கேள்வி சமயத்துக்கும் மெய்யியலுக்கும் உரியதாகிறது. நீலகிரி மாவட்டத்தின் கூடலூர் இக்கேள்வியை நூறாண்டுக்கும் மேலாகத் தன் அன்றாட வாழ்வாகவே கொண்டிருக்கும் ஊர்.

கூடலூர் என்னும் பெயர் தமிழகத்தில் பல இடங்களுக்கு உண்டு. ஆறுகளோ வழிகளோ கூடும் இடம் என்பது அதன் பொருள். இன்று கடலூர் என வழங்கும் பழைய துறைமுக நகரமும் ஒருகாலத்தில் கூடலூரே. அந்நகரின் புறப்பகுதிகளில் இரண்டு பெயர்கள் இங்கே கருதத்தக்கவை. 1690இல் செஞ்சி மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தொலைவு வரையுள்ள சிற்றூர்கள் அனைத்தையும் தனதாக்கிக்கொண்டது. அவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன, குண்டு உப்பலவாடி என்னும் பெயர் இன்றும் நகரின் ஓரத்தில் நிற்கிறது. அதே நகரின் மற்றொரு புறத்தில் கரையேறவிட்டகுப்பம் இருக்கிறது. கல்லோடு பிணைத்துக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் அக்கல்லையே தெப்பமாகக் கொண்டு திருப்பாதிரிப்புலியூர்க் கரையை அடைந்தார் எனப் பெரியபுராணம் சொல்லும் நிகழ்வை நினைவூட்டும் பெயர் அது. எல்லையை ஆயுதத்தால் அளந்தவர்களின் நினைவு ஒரு பெயரிலும், எதுவுமின்றி வந்தவரை ஏற்றுக்கொண்ட கரையின் நினைவு மற்றொரு பெயரிலும் தங்கியிருக்க, நிலத்தோடு உறவு கொள்வதற்கான இருவேறு வழிகள் ஒரே நகரின் ஓரங்களில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன.

மலையிலுள்ள கூடலூரும் நெடுங்காலம் ஒரு கடற்கரை நகரத்தின் புறமாகவே இருந்தது. உதகை, மைசூர், நிலம்பூர், சுல்தான்பத்தேரி ஆகிய ஊர்களுக்கான வழிகள் பிரியும் இவ்வூரும் சூழ்ந்த தென்கிழக்கு வயநாட்டின் நம்பாலக்கோடு, முன்னநாடு, சேரங்கோடு ஆகிய பகுதிகளும் கோழிக்கோட்டைத் தலைமையிடமாகக் கொண்ட மலபார் மாவட்டத்தில் இருந்து, 1877இல்தான் நீலகிரியோடு சேர்க்கப்பட்டன. ஆட்சி மாறியபோதும் நில உரிமை மாறவில்லை. நிலத்தின் பெரும்பகுதி மலைக்குக் கீழே இருந்த நிலம்பூர் கோவிலகத்துக்கு உரியதாகவே தொடர்ந்தது. கோவிலகம் என்பது அரச மரபினரின் இல்லம். அந்த உரிமைக்கு வழங்கிய பெயர் 'ஜன்மம்', அதை உடையவர் 'ஜன்மி'.

இச்சொல்லை நின்று கவனிக்க வேண்டும். ஜன்மம் என்றால் பிறப்பு. நிலத்தின் மேலுள்ள உரிமை வாங்கியதும் அன்று, உழைத்துப் பெற்றதும் அன்று, உடலோடு கூடவே பிறந்தது என்று அச்சொல் சாதிக்கிறது. பரசுராமர் தம் கோடரியை வீச, அது சென்று விழுந்த தொலைவு வரை கடல் பின்வாங்கி நிலம் தந்தது என்றும், அந்நிலத்தை அவர் அந்தணர்க்குத் தானம் செய்தார் என்றும் கேரள மரபுக் கதை இவ்வுரிமைக்குத் தோற்றம் கூறுகிறது. கோடரி விழுந்த தொலைவும் பீரங்கிக் குண்டு விழுந்த தொலைவும் ஒரே வகையான அளவைகள் என்பதை எவரும் காணலாம். முன்னதைப் புராணமும் பின்னதைப் பத்திரமும் காத்தன. அந்நிலத்தில் அன்றைக்கு யார் இருந்தார்கள் என்னும் கேள்வி இரண்டிலும் எழவேயில்லை.

இருந்தவர்கள் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய பழங்குடியினரும், வயல்களில் நெல் விளைவித்த மவுண்டாடன் செட்டிகள் போன்றோரும். இவர்களில் பணியரின் நிலை தனித்துச் சொல்லத்தக்கது. அவர்களுடைய பெயரே பணி என்னும் சொல்லிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுகிறது. மானந்தவாடி அருகிலுள்ள வள்ளியூர்க்காவு பகவதி கோயில் திருவிழாவின்போது, நிலவுடைமையாளர்கள் பணியர்க்கு முன்பணம் கொடுத்து, அடுத்த ஓராண்டுக்குத் தமக்கு மட்டுமே உழைப்பதாகத் தெய்வத்தின் முன்னிலையில் வாக்கு வாங்கிக்கொள்ளும் வழக்கம் வயநாட்டில் இருபதாம் நூற்றாண்டு வரை இருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் நடுவண் சட்டம் 1976இல் வந்தது. தெய்வத்துக்கு அஞ்சிய நேர்மையே ஒருவரைத் தளையிடும் கயிறாகப் பயன்பட்டது என்பது சமயம் பற்றிய எந்தச் சிந்தனையும் கடந்து போகக்கூடாத உண்மை. வாக்கை மீறாத பணியர் அறத்தின்பால் நின்றார். அவ்வாக்கை வாங்கியவர் அறத்தை முதலீடாக்கினார். நிலத்தில் பிறந்து, நிலத்தில் உழைத்து, நிலத்திலேயே புதைக்கப்பட்டவர்களுக்கு ஜன்ம உரிமை இல்லாமலும், அந்நிலத்தைப் பெரும்பாலும் காணாதவர்களுக்கு அது இருந்ததுமான நிலையில், பிறப்பே உரிமை தருகிறது என்னும் வாதம் தன் சொந்த அளவுகோலாலேயே தோற்கிறது.

சட்டம் இதை 1969இல் திருத்த முயன்றது. கூடலூர் ஜன்ம எஸ்டேட்டுகள் (ஒழிப்பு மற்றும் ரயத்துவாரியாக மாற்றுதல்) சட்டம் சுமார் 80,000 ஏக்கர் நிலத்தைப் பற்றியது. ரயத்துவாரி என்பது பயிரிடுபவர் இடைத்தரகரின்றி அரசுக்கே நேரடியாகத் தீர்வை செலுத்தும் முறை. அச்சட்டத்தின் ஒரு பகுதியை உச்ச நீதிமன்றம் 1972இல் செல்லாதென்றது. 1974இல் சட்டம் முழுவதும், நீதிமன்றத்தின் கேள்விக்கு ஆளாகாமல் சட்டங்களைக் காக்கும் அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அங்கிருந்து கிளைத்த ஐ.ஆர்.கோயல்ஹோ வழக்கில் 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அவ்வட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்புக்கு உட்பட்டவையே என்று தீர்ப்பளித்தது. 'காடு' என்னும் சொல்லுக்கு நாடு முழுவதற்கும் பொருள் வரையறுத்த 1996 டிசம்பர் 12 ஆணையும், நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பகுதிக் காடுகள் வெட்டப்படுவதைக் கண்டு 1995இல் தொடுத்த வழக்கில் பிறந்ததே. இந்தியச் சட்டச் சிந்தனையின் இரண்டு பெரிய மைல்கற்கள் இச்சிறு மலையூரின் நிலத்திலிருந்து எழுந்திருக்க, அதே நிலத்தில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குட்பட்ட தோட்டக் குத்தகை நிலங்களில் வாழும் குடும்பங்கள் பட்டாவுக்கும் மின் இணைப்புக்கும் தலைமுறைக்கணக்கில் காத்திருப்பதை வருத்தத்தோடே குறிக்க வேண்டியிருக்கிறது.

இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து ஒரு பெருந்திரளும் வந்தது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவு செய்தது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து வந்தவர்களில் பலருக்கு, 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தின் வழியாகக் கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் வேலையும் லைன் வீடும் கிடைத்தன. லைன் என்பது தொழிலாளர் அறைகள் ஒரே வரிசையாகக் கட்டப்பட்ட குடியிருப்பு. இலங்கையில் அது லயம். அரசு அவர்களுக்கு இட்ட பெயர் 'தாயகம் திரும்பியோர்'. ஊரார் இட்ட பெயர் 'சிலோன்காரர்'. கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் பிறந்து, அதுவரை கண்டிராத நாட்டுக்கு வந்தவர்களைத் திரும்பியோர் என்றழைத்தது, ஜன்மம் என்னும் சொல் செய்த பிழையையே வேறு வடிவில் செய்தது. மூதாதையின் பிறப்பிடத்தைப் பேரனின் இல்லமாகக் கணக்கெழுதியது.

அவர்களின் பட்டறிவை விளங்கிக்கொள்ளத் தமிழ் வழிபாட்டு மரபில் ஒரு வழக்கம் உதவுகிறது. ஊரைவிட்டுப் போகிறவர்கள் தம் குலதெய்வக் கோயிலில் ஒரு கைப்பிடி மண் எடுத்துச் சென்று, புதிய இடத்தில் அதை வைத்துத் தெய்வத்தை நிலைநிறுத்துவர்; அதற்குப் பிடிமண் என்று பெயர். இதில் அடங்கிய கருத்து நுட்பமானது. பழைய நிலம் முழுவதும் கூட வருவதில்லை, மறக்கப்படுவதும் இல்லை; ஒரு கைப்பிடியளவு மட்டும் புது மண்ணோடு கலக்கிறது, கலந்தபின் பிரித்தெடுக்க இயலாது. தெய்வம் இரண்டு ஊர்களுக்கும் உரியதாகிறது. ஜன்மம் நிலத்தை அசையாப் பொருளென்றும் மனிதரை அதன் உடைமையாளரென்றும் கொள்ள, பிடிமண்ணோ மனிதர் அசைவதை ஏற்று, நிலத்தையும் தெய்வத்தையும் அவர்களோடு கூட அனுப்பி வைக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். உண்மையான ஞானிக்கு வீடே வேண்டியதில்லை என்று சமயங்கள் சொல்லவில்லையா என்பது அது. பகவத்கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயம் இறைவனுக்கு இனிய அடியவரை 'அநிகேதன்', அதாவது உறைவிடமற்றவர் என்கிறது. ஆபிரகாம் தம் நாட்டைவிட்டு இறைவனின் சொல்லை நம்பிப் புறப்பட்டவர். நபிகளின் இடப்பெயர்விலிருந்தே இசுலாமிய ஆண்டுக் கணக்கு தொடங்குகிறது. எனினும் துறப்பதற்கு முதலில் ஒன்று இருக்க வேண்டும். வீடுடையவர் வீட்டின் மேலுள்ள பற்றை விடுவது துறவு. வீடில்லாதவரிடம் பற்றின்மையைப் போதிப்பது கொடுமை.

இதனினும் கடினமான மறுப்பு வேறொன்று. தெய்வமே வந்து சேர்ந்ததென்றால் எல்லாரும் வந்தவர்களே, எனவே முன்பின் என்னும் வேறுபாடு தேவையில்லை என்று சிலர் வாதிடுவர். பழங்குடியினரின் உரிமையைக் குறைக்க விரும்புவோர்க்கு இது வசதியான வாதம். ஆனால் ஏற்றுக்கொள்ளப்படுதல் என்பது ஏற்பவர் ஒருவரை வேண்டி நிற்கிறது. கரையேறியவர் கரைக்குக் கடன்பட்டவர். பின்வந்தவரின் உரிமை, முன்னிருந்தவருக்கு அவர் செலுத்த வேண்டிய கடனோடு பிணைந்தே பிறக்கிறது.

இக்கடனின் உருவத்தைக் கூடலூரில் ஆண்டுதோறும் ஐப்பசியில் காணலாம். பூப்புத்தரி என்னும் புதுநெல் விழாவில், புத்தூர்வயலில் விளைந்த முதல் கதிரைப் பழங்குடியினர் விரதமிருந்து, பணியரின் கொட்டும் குழலும் முழங்க அறுக்கின்றனர். மவுண்டாடன் செட்டிகளும் குறும்பரும் உடன் நிற்கின்றனர். கதிர்கள் கோயில்களுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, பின்னர் வீடுகளுக்குப் பிரித்தளிக்கப்படுகின்றன. நம்பாலாகோட்டையில் குடிகொண்ட வேட்டைக்கொருமகன் கோயிலும் இதில் இடம்பெறுகிறது. சிவன் வேடனாக வந்தபோது பிறந்த மகனாகக் கருதப்படும் இத்தெய்வமே நிலம்பூர் கோவிலகத்தின் குலதெய்வமுமாகும். ஜன்மியின் தெய்வமும் வயலில் உழைத்தவர் கையிலிருந்தே முதற்கதிரைப் பெற வேண்டியிருக்கிறது. இவ்விழா சமத்துவத்தைக் கொண்டுவந்துவிட்டது என்று சொல்ல முடியாது. விழா முடிந்த மறுநாள் ஏற்றத்தாழ்வு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனாலும் நிலத்தோடு முதல் உறவுடையவர் யார் என்பதைப் பத்திரங்கள் மறைத்த காலங்களிலும் இச்சடங்கு மறைக்கவில்லை.

அந்த உறவைச் சட்டமும் பின்னர் ஒப்புக்கொண்டது. 1988 டிசம்பரில் கூடலூர் வீதிகளில் ஆயிரக்கணக்கான பழங்குடியினர் நில உரிமை கேட்டு ஊர்வலம் வந்தனர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் விதிகள், காட்டு நிலத்தின் மேலுள்ள உரிமைக்குச் சான்றாக இடுகாடுகளையும் புனித இடங்களையும், எழுத்தில் பதியப்பட்ட முதியோரின் வாய்மொழியையும் ஏற்கின்றன. முன்னோர் அடக்கமான இடமும் தெய்வம் குடிகொண்ட மரத்தடியும் அரசு அலுவலகத்தில் ஆவணமாகும் என்பது, கூடலூரின் வரலாற்றில் கோடரியும் குண்டும் ஜன்மமும் தர மறுத்த ஒப்புதல்.

ஆகவே இவ்வூரில் பிறப்போ வருகையோ தனியாக உரிமை தருவதில்லை. உழைப்பாலும் வழிபாட்டாலும் இறந்தோரைப் புதைத்ததாலும் நிலத்தோடு முறை கொண்டவர்களே அங்கே குடிகொண்டவர்கள். அவ்வகையில் பணியரும் குறும்பரும் முதலானவர்கள், சிலோன்காரரும் கேரளத்திலிருந்து வந்த சிறு உழவரும் அவர்களுக்குப் பின் உரியவர்கள். தீர்க்கப்படாத பிரிவு 17 நிலங்களின் கணக்கை அரசு முடிக்க முன்வரும்போது, அளவுச் சங்கிலி எஸ்டேட்டின் எல்லைக்கல்லில் தொடங்க வேண்டாம். பணியரின் குடியிருப்பாகிய பாடியிலிருந்து தொடங்கட்டும்.