நாற்கூற்று மருந்தும் நலிந்தோர் வாழ்நாளும்

இறப்பு எல்லார்க்கும் பொது என்பது உலகம் கண்ட உண்மை. மாளிகையில் வாழ்வாரும் குடிசையில் வாழ்வாரும் ஒரு நாள் மண்ணோடு மண்ணாவர் என்று சொல்லி ஏழையின் மனத்தைத் தேற்றுவது நெடுநாளைய வழக்கம். ஆனால், இறப்புப் பொது என்றால் அது வந்தடையும் காலம் மட்டும் செல்வரைக் கண்டு ஒதுங்குவதும் வறியவரைக் கண்டு விரைவதும் ஏன்? ஒரே நோய், ஒரே அகவை. ஆயினும் ஒரு நாட்டில் பிறந்தவர் பல்லாண்டு வாழ்கிறார். மற்றொரு நாட்டில் பிறந்தவர் ஓராண்டிற்குள் மாய்கிறார். இவ்வேறுபாட்டை ஊழ் என்பதா, முறைகேடு என்பதா? இதயச் செயலிழப்பு என்னும் நோயை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய்வது மருத்துவர்க்கு மட்டும் உரிய பணியன்று. அறநூல் கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் உரியதே.

இதயச் செயலிழப்பு என்பது இதயம் ஒரேயடியாக நின்றுபோவதன்று. உடலுக்கு வேண்டிய குருதியை வேண்டிய அளவில் செலுத்த இயலாமல் இதயம் தளர்ந்துபோகும் நிலையே அது. மாரடைப்பால் தசை பழுதுற்ற இதயம், ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரற்ற இரத்த அழுத்தத்தால் களைத்த இதயம், இளமையில் வந்த வாதக் காய்ச்சலால் தடுக்கிதழ் சிதைந்த இதயம் எனப் பல வழிகளில் இந்நோய் தோன்றும். கால் வீங்கும், படுத்தால் மூச்சுத் திணறும், சில அடி நடந்தாலே களைப்பு மேலிடும். பெரும்பாலார்க்கு இது முற்றிலும் நீங்கும் நோயன்று. எனினும், நாள்தோறும் மருந்துண்டு, உப்பைக் குறைத்து, உடல் எடையைக் கவனித்து, மருத்துவரைத் தவறாது கண்டு வருவாராயின் பலர் நெடுநாள் வாழவும் தம் தொழிலைச் செய்யவும் கூடும். ஆகவே, இந்நோயில் உயிரைக் காப்பது, ஆண்டுக்கணக்கில் அறுபடாது தொடரும் பராமரிப்பே ஆகும்.

அப்பராமரிப்புக்கு வேண்டிய மருந்துகளை மனித அறிவு பலகாலம் முயன்று தேடிக்கொண்டது. உடலில் நீர் கோத்து வீங்கிய நோயாளர்க்கு ஃபாக்ஸ்குளோவ் என்னும் செடியின் இலை பயன்படுவதை, இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் வித்தரிங் 1785-ஆம் ஆண்டில் நூலாக எழுதி வெளியிட்டார். அதன்பின் இருநூறு ஆண்டுகள் கழிந்து, 1987-இல் நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் நோய் முற்றிய 253 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வின் முடிவு வெளியாயிற்று. எனலாப்ரில் என்னும் மருந்தை உண்ணாதவர்களுள் ஆறு திங்களில் 44 விழுக்காட்டினர் இறந்தனர். உண்டவர்களுள் 26 விழுக்காட்டினரே இறந்தனர். 1999-இல் பிசோபிரோலால் என்னும் மருந்து இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதும், ஸ்பைரோனோலாக்டோன் என்னும் மருந்து 30 விழுக்காடு குறைப்பதும் மெய்ப்பிக்கப்பட்டன. இம்மருந்துகள் எவையும் இன்று தனியொரு நிறுவனத்தின் உரிமைக்குள் அடங்கியவை அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் அவை இடம்பெற்றுள்ளன. அறிவு உலகப் பொதுவுடைமை ஆயிற்று. வாழ்நாள் அவ்வாறு ஆயிற்றா?

இவ்வினாவிற்கு விடை தரும் ஆய்வொன்று 2023-இல் வெளியாயிற்று. 40 நாடுகளைச் சேர்ந்த 23,341 இதயச் செயலிழப்பு நோயாளர்களைச் சற்றொப்ப ஈராண்டுக் காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. அகவையையும் பாலினத்தையும் சமப்படுத்திக் கணக்கிட்டபோது, உயர்ந்த வருமானமுள்ள நாடுகளில் ஆண்டொன்றுக்கு 100 நோயாளர்க்கு 7.8 பேர் இறந்தனர். இடைநிலையில் கீழ்ப்பட்ட வருமானமுள்ள நாடுகளில் இது 15.7 ஆகவும், மிகக் குறைந்த வருமானமுள்ள நாடுகளில் 19.1 ஆகவும் இருந்தது. முதன்முறையாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபின் 30 நாள்களுக்குள் இறந்தோர் தொகை இன்னும் துயரமானது. செல்வ நாடுகளில் அது 6.7 விழுக்காடு, வறிய நாடுகளில் 31.6 விழுக்காடு. செல்வ நாட்டில் இறப்பு ஒன்றுக்கு ஏறத்தாழ நான்கு மருத்துவமனைச் சேர்க்கைகள் நிகழ, வறிய நாட்டில் ஒன்றுகூட முழுமையாக நிகழவில்லை. மருத்துவமனையின் வாயிலை மிதிக்காமலேயே மாய்ந்தவர் பலர் என்பதே இதன் பொருள்.

இந்நிலையை ஓரிடத்தில் நின்று நோக்கினால் அது மேலும் விளங்கும். கல்வியாலும் நல்வாழ்வுப் பணியாலும் இந்தியாவில் பெயர் பெற்ற மாநிலம் கேரளம். அதன் தலைநகராகிய திருவனந்தபுரத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த மருத்துவமனைகளில் 2013-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 1,205 இதயச் செயலிழப்பு நோயாளர்களை மருத்துவர்கள் பதிவேட்டில் பதிந்து, ஆண்டுதோறும் விடாது கவனித்து வந்தனர். நோயாளர்களின் சராசரி அகவை 61. ஓராண்டின் முடிவில் 30.8 விழுக்காட்டினர் இறந்திருந்தனர். மூன்றாண்டின் முடிவில் 44.8 விழுக்காட்டினர், ஐந்தாண்டின் முடிவில் 59 விழுக்காட்டினர். இதயத்தின் சுருங்கும் ஆற்றல் குன்றியோருள், நெறிமுறை வகுத்த மருந்துகளைப் பெற்று வீடு திரும்பியவர் நால்வருள் ஒருவரே. மருத்துவக் கல்வி சிறந்த ஓரிடத்திலேயே இது நிலையாயின், மருத்துவரே இல்லாத ஊர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆப்பிரிக்காவில் இத்துயரத்திற்கு வேறொரு முகமும் உண்டு. சகாராப் பாலைக்குத் தெற்கே 9 நாடுகளில் 1,006 நோயாளர்களைக் கண்டு 2012-இல் வெளியான ஆய்வில் அவர்களின் சராசரி அகவை 52 மட்டுமே. அவர்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஆறு திங்களுக்குள் இறந்தனர். வாதக் காய்ச்சலால் இதயம் பழுதுற்ற 3,343 பேரை வறிய நாடுகள் பலவற்றில் ஈராண்டு கவனித்த மற்றோர் ஆய்வில், இறந்தோர் அகவையின் நடுப்புள்ளி 28.7 ஆக இருந்தது. வாதக் காய்ச்சல் மீண்டும் வராமல் தடுக்கவல்ல பென்சிலின், விலை மலிந்த பழைய மருந்து. அதனைத் தவறாது பெறும் வழியின்மையால் இருபத்தெட்டு அகவையில் ஓர் இளந்தாய் இறப்பாளாயின், அங்கே அழிவது ஓர் உயிர் மட்டுமன்று. அவள் மக்களின் எதிர்காலமும் அவளோடு அழிகிறது.

இவையெல்லாம் ஊழின் செயல் என்பாரும் உளர். ஊழின் வலிமையைப் பேச வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார் என்பது மெய்யே. ஆனால், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தவர் அவரே என்பதனை மறந்துவிடலாகாது. ஊழ் என்னும் சொல்லுக்கு ஓர் எல்லை வேண்டும். எவராலும் தடுக்கவியலாத ஒன்று நேர்ந்தவிடத்து அச்சொல் துயருற்றார்க்கு ஆறுதல் தரும். தடுக்கக்கூடியதைத் தடுக்காது விட்டவிடத்து அதே சொல், கடமை தவறியோர்க்குத் திரையாகிவிடும். ஒருவருக்கு நோய் வந்தது ஊழாக இருக்கலாம். முப்பதாண்டுக்கு முன்பே கண்டறியப்பட்ட மருந்து அவர் ஊர்க் கடையில் இல்லாதது ஊழாகாது. அது மனிதர் வகுத்த ஏற்பாட்டின் குறையே.

அக்குறை எங்கே உள்ளது என்பதனை அறியவும் திருக்குறளே துணை செய்கிறது. மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. நோயுற்றவர், அதனைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து மருந்தை முறையாகக் கொடுப்பவர் என்பன அவை. இவற்றுள் ஒவ்வொன்றும் நான்கு பண்புகள் உடையது என விரிக்கும் பரிமேலழகர், நோயாளர்க்கு வேண்டுவனவற்றுள் பொருளுடைமையை ஒன்றாகச் சொல்கிறார். மருந்துக்கு வேண்டுவனவற்றுள் எளிதில் கிடைத்தலை ஒன்றாகச் சொல்கிறார். இவ்விரண்டையும் இணைத்து எண்ணுவார்க்கு ஓருண்மை புலனாகும். மருந்து எவ்வளவுக்கு எளிதில் கிடைக்கிறதோ, அவ்வளவுக்கு நோயாளரின் பொருளுடைமை தேவையற்றதாகிறது. மருந்து அரிதாகுந்தோறும் பணமே உயிரின் அளவுகோலாகிறது. 2016-இல் வெளியான ஆய்வொன்று, இதய நோய்க்குரிய அடிப்படை மருந்துகள் நான்கினை ஒருசேர வாங்கும் ஆற்றல், இந்தியா நீங்கலான வறிய நாடுகளில் 60 விழுக்காட்டுக் குடும்பங்களுக்கு இல்லை எனக் கண்டது. செல்வ நாடுகளிலோ அவ்வாற்றல் இல்லாத குடும்பம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

எனினும் மருந்து ஒன்றினாலேயே குறை தீர்ந்துவிடும் என்று கருதிவிடுதலும் பிழையாகும். முன்னர்க் குறித்த 40 நாட்டு ஆய்வில், நோயாளர்தம் உடல்நிலையிலும் உண்ணும் மருந்திலும் உள்ள வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தபோதும், இறப்பின் வேறுபாடு மறைந்துவிடவில்லை. எஞ்சி நின்றவை ஏனைய கூறுகளின் குறைகளே. உரிய காலத்தில் நோயைக் காண மருத்துவர் இல்லை; மூச்சுத் திணறும்போது விரைந்து செல்ல ஊர்தி இல்லை; வீடு திரும்பியபின் எடை கூடியதா, மருந்து தீர்ந்ததா எனக் கேட்பார் இல்லை. நான்கு கால் கொண்ட கட்டிலில் ஒரு கால் முறிந்தாலும் படுத்தவர் விழுவது உறுதி.

இங்கே ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. வறிய நாட்டின் கருவூலம் சிறிது. தடுப்பூசிக்கும் குடிநீருக்கும் மகப்பேற்றுக்குமே பணம் போதாதபோது, தீராத நோயாளர்க்கு வாழ்நாள் முழுதும் மருந்தளிப்பது பொருந்துமா என்பதே அத்தடை. இதனை எளிதில் புறக்கணித்தல் கூடாது. ஒரு குழந்தையின் தடுப்பூசியை நிறுத்தி ஒரு முதியவர்க்கு மருந்து வாங்குவதை எவரும் அறமெனக் கொள்ளார். ஆனால், அத்தடை தன்னுள் ஒரு பிழையை மறைத்து வைத்துள்ளது. சிறிய கருவூலத்தை மாற்றவொண்ணாத இயற்கைப் பொருளாக அது கொள்கிறது. இரண்டு ஏழைகளை எதிரெதிரே நிறுத்தி எவரைக் காப்பது என்று கேட்கிறதேயன்றி, அவ்விருவரையும் அந்நிலைக்குத் தள்ளிய பங்கீடு நேரியதா என்று கேட்பதில்லை. அன்றியும், இந்நோயால் மாய்வோர் வறிய நாடுகளில் பெரும்பாலும் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் அகவையினர். அவர் மறைந்தபின் பிள்ளையின் படிப்பு நிற்கும், கடன் வளரும். அவரைக் காவாது விடுதல் சிக்கனம் ஆகாது. செலவை அடுத்த தலைமுறையின் தலையில் ஏற்றுவதே ஆகும்.

அரிய வல்லுநர்கள் இல்லாமல் இயலாது என்னும் எண்ணத்தை ருவாண்டா நாடு செயலால் மறுத்துக் காட்டியது. 1994-இன் இனப்படுகொலையால் நிலைகுலைந்த அச்சிறு நாட்டில், 2006 முதல் ஊர்ப்புற மாவட்ட மருத்துவமனைகளில் செவிலியர்க்குச் சிறப்புப் பயிற்சி அளிக்கப்பெற்றது. ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் சிறு கருவியைக் கையாளவும், நோயின் வகையைப் பகுத்தறியவும், மருந்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் அவர்கள் கற்றனர். மருத்துவர்கள் அவர்களை மேற்பார்வையிட்டனர். இவ்வனுபவத்தினின்று வளர்ந்த திட்டத்தை, 2022 ஆகஸ்டில் டோகோ நாட்டின் லோமே நகரில் கூடிய உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்க வட்டாரக் குழு ஏற்றுக்கொண்டது. வள்ளுவர் நான்காவதாக வைத்த துணைவரின் கூற்றினை வலுப்படுத்தியதே ருவாண்டா செய்த பணி. இல்லாதவற்றை எண்ணி ஏங்கியிராமல், உள்ள கைகளுக்கு அறிவூட்டியது அந்நாடு.

ஒருவர் எந்த நாட்டில் பிறக்கிறார் என்பது அவர் தேர்ந்துகொண்டதன்று. அதனால் வரும் நன்மையைச் செல்வ நாட்டார் ஈட்டியதும் இல்லை. தீமைக்கு வறிய நாட்டார் குற்றம் செய்ததும் இல்லை. ஈட்டாத நன்மையை நுகர்வோர்க்கு ஒரு கடன் உண்டு. மருந்தின் விலையையும் வழங்கலையும் நெறிப்படுத்துவது அரசுகளின் கடன். பயிற்சியைப் பகிர்ந்தளிப்பது மருத்துவ உலகின் கடன். இது விதி என்று சொல்லிக் கடந்துசெல்லாத உள்ளத்தை மாணவரிடம் வளர்ப்பது ஆசிரியரின் கடன்.

இறப்பைச் சமமாக்க எவரும் முயல வேண்டியதில்லை. அதனை இயற்கையே செய்துவிடும். இறக்கும் நாள் வரையில் வாழும் வாய்ப்பைச் சமமாக்குவதே மனிதர்க்கு விடப்பட்ட பணி. பொருளுடைமை நோயாளரின் பண்புகளுள் ஒன்றாக எண்ணப்பட வேண்டாத காலம் வருமாயின், அன்றுதான் மருந்தின் நான்கு கூறுகளும் முழுமை பெற்றன எனலாம்.