பயனும் பயன்பாடும்

‘யூஸ்ஃபுல்’ என்னும் ஆங்கிலப் பெயரடை மலேசியத் தமிழர் இல்லங்களில் தமிழ்ச்சொல்லைப் போலவே புழங்குகின்றது. படிக்கும் பாடம் யூஸ்ஃபுல்லா, பெறும் சான்றிதழ் யூஸ்ஃபுல்லா, பேசும் மொழி யூஸ்ஃபுல்லா எனப் பெற்றோர் வினவுகின்றனர். அவ்வினா தவறன்று. ஆயினும், அச்சொல்லைப் ‘பயனுள்ள’ என்று தமிழாக்கும்போது இரண்டும் ஒரே பொருளைத்தான் உணர்த்துகின்றனவா என்று ஆராய்தல் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் கடனாகும்.

ஆங்கிலத்தில் ‘யூஸ்’ என்பது கையாளுதலைக் குறிக்கும் சொல். அங்கே கையாள்பவன் ஒருவன் இருக்கிறான். அவன் தேவைக்கு உதவுவதே யூஸ்ஃபுல். மலாய்மொழியில் இதற்குப் ‘பெர்குனா’ என்பர். அதன் வேர் வடமொழியின் ‘குண’ என்பதே. தமிழில் குணம் என வழங்குவதும் அதுவே. பொருளின் இயல்பே அதன் உதவி எனக் கருதிய கருத்து அச்சொல்லில் நிழலாடுகிறது. தமிழின் ‘பயன்’ என்பதோ ‘பயத்தல்’ என்னும் வினையோடு உறவுடையது. பயத்தலாவது விளைத்தல், தருதல், ஈனுதல். ஈன்ற தாயைப் ‘பயந்தாள்’ என்பது இலக்கிய வழக்கு. ஆங்கிலச் சொல் கொள்வோன் பக்கம் நின்று பொருளை அளக்கிறது. தமிழ்ச்சொல் தருவோன் பக்கம் நின்று அளக்கிறது.

சொல்லின் பிறப்பே அதன் வழக்கை முற்றிலும் கட்டிவிடும் என்பதன்று. ஆங்கிலேயரும் நல்ல தொண்டரை யூஸ்ஃபுல் என்று பாராட்டுவர். தமிழரும் பிறரைச் சுரண்டுவர். ஆனால், தமிழ் இவ்விரு நிலைகளையும் பிரித்துக் காட்ட வல்லது. ‘அவர் ஊருக்குப் பயன்பட்டார்’ என்றால் அது புகழ்ச்சி. ‘ஊரார் அவரைப் பயன்படுத்திக்கொண்டனர்’ என்றால் அது முறையீடு. ஒரே பெயர்ச்சொல், வினை மாறியதும் அறமும் மாறிவிடுகிறது.

வள்ளுவரும் பயனைப் புறக்கணித்தவர் அல்லர். ‘பயனில சொல்லாமை’ என ஓர் அதிகாரமே வகுத்தார். ஒப்புரவாளனின் செல்வத்தை ஊர்நடுவே பழுத்த பயன்மரத்தோடு ஒப்பிட்டார். அம்மரம் தன் இயல்பால் பழுக்கிறது. பழுத்ததனால் ஊர் உண்கிறது. உண்பவர் விலை கூறும்வரை அது மரமாகாமல் இருப்பதில்லை.

மரம் என்றதும் சிலாங்கூர் மாநிலத்துத் தெலுக் பங்லிமா காராங் வட்டாரம் நினைவுக்கு வருதல் இயல்பு. கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் வழியில் உள்ள ஊர் அது. சுற்றிலும் தோட்டங்கள், லங்காட் ஆற்றைக் கடந்தால் கேரித் தீவின் செம்பனைக் காடு. 1970-களில் அவ்வூரில் தடையற்ற வாணிக வட்டாரம் அமைந்தது. தோட்டக் கைகளுக்கு இருந்த தேவை குறைந்து, ஆலைக் கைகளுக்குத் தேவை மிகுந்த காலம் அது. எது யூஸ்ஃபுல் என்னும் கணக்கு ஒரு தலைமுறைக்குள் மாறிப்போயிற்று.

இரப்பர் மரத்தின் கதையும் இதனையே கூறும். 25, 30 ஆண்டுகள் பால் தந்தபின் மரத்தை வெட்டி மறுநடவு செய்வர். வெட்டிய மரம் நெடுங்காலம் விறகாகவே எரிந்தது. பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அரிப்பதால் வேறெதற்கும் ஆகாது என்றனர். பின்னர், மரத்தை மருந்தூட்டிப் பதப்படுத்தும் முறை பரவவே, 1980-கள் தொட்டு அதே மரம் மேசையும் நாற்காலியுமாகி அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. மரம் மாறவில்லை, மனிதரின் அறிவே மாறிற்று. ‘பயனற்றது’ என்னும் தீர்ப்புப் பலவேளைகளில் தீர்ப்பளிப்பவரின் அறியாமையையே அளந்து காட்டுகிறது.

மரத்திற்கு இழைத்த பிழையைப் பின்னாளில் திருத்திக்கொள்ளலாம். மனிதர்க்கு இழைத்தால் என் செய்வது? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைய வழிவகுத்தது. பள்ளி இருந்தால் தொழிலாளர் குடும்பங்கள் தோட்டத்திலேயே தங்கும் என்பது நிருவாகங்கள் கண்ட யூஸ். அப்பிள்ளைகள் யாராக வளரக்கூடும் என்பது அக்கணக்கில் இடம்பெறவில்லை. ஆயுள் முழுதும் மரம் சீவிய முதியவர், வேலை முடிந்ததும் லயத்து வீட்டையும் இழக்கும் நிலையில் நின்றார். செருமானிய அறிஞர் கான்ட், மனிதனை வெறுங்கருவியாக மட்டும் நடத்தலாகாது, அவனே நோக்கமாகவும் மதிக்கப்பட வேண்டும் என்று 1785-இல் எழுதினார். ‘மட்டும்’ என்னும் சொல் கருதத்தக்கது. ஒருவர்க்கொருவர் உதவாமல் உலகம் நடவாது. உதவி நின்றதும் மதிப்பும் நின்றுவிடுமாயின் அது அறமாகாது.

இனி, தமிழ்மொழி யூஸ்ஃபுல்லா என்னும் வினாவிற்கு வருவோம். ‘தமிழ் உயிர், உயிருக்குப் பயன் கேட்பதா?’ என்று சினப்பது விடையாகாது. மகனின் பிழைப்பை எண்ணிக் கவலுறும் தந்தையின் அச்சம் மெய்யானது. தேர்வுப் புள்ளிகளையும் வேலைவாய்ப்புகளையும் மட்டும் எண்ணிக் காட்டுவதும் போதாது. நாளை வேறொரு மொழி மிகுதியான வாய்ப்பைக் காட்டினால் அவ்விடை தானே சரிந்துவிடும். தாய்மொழி என்ன பயக்கிறது என்பதே உரிய வினா. கற்பித்தலுக்கு மிகச் சிறந்த வாயில் குழந்தையின் தாய்மொழியே என யுனெஸ்கோ 1953-இல் வெளியிட்ட அறிக்கை வலியுறுத்திற்று. கணக்கையும் அறிவியலையும் தன்மொழியில் புரிந்துகொண்ட பிள்ளை, புரிதல் என்பது யாதென்று முதலில் அறிகிறது. அவ்வறிவு மலாயிலும் ஆங்கிலத்திலும் உடன் செல்லும். பாட்டியோடு பேசவும், தன் துயரைத் தானே சொல்லவும், பிறர் சொல்லை எடைபோடவும் வல்ல மனிதர் அம்மொழியில் விளைகின்றனர். இவற்றிற்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை. எனினும் இவையின்றிச் சம்பளம் வாழ்வாகாது.

தமிழ் இலக்கணத்தார் வாக்கியத்தின் முடிவைப் ‘பயனிலை’ என்றனர். எழுவாயின் கருத்துப் பயன்கொள்ளும் நிலை அது. அச்சொல்லையே ‘பயன் இலை’ என்று பிரித்துப் படிக்கவும் கூடும். எழுத்து ஒன்றே, பிரிக்கும் இடத்தில்தான் வேற்றுமை. பின்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் மாணவனை எப்படிப் பிரித்துப் படிப்பது என்பது ஆசிரியர் கையில் உள்ளது. அவனைச் செயப்படுபொருளாக்கி ‘இவனால் என்ன யூஸ்?’ என்று கேட்போர் பலர் வெளியே காத்திருக்கின்றனர். வகுப்பறைக்குள்ளேனும் அவன் எழுவாயாக நிற்கட்டும்.