எதற்காக நன்றி?

போர்வீரருக்கு நன்றி கூறுகையில் நாம் பெரும்பாலும் வெற்றிக்கே நன்றி கூறுகின்றோம். உரோமைக்கு அண்மையிலுள்ள பலிதோரோவில் 1943 செப்டெம்பர் 23 இல் நிகழ்ந்ததோ வேறு. முன்தினம் வெடிப்பொன்றில் ஜேர்மன் படைக்கு உயிர்ச்சேதம் ஏற்பட்டிருந்தது. அதற்குப் பழியாக 22 பொதுமக்கள் பிடிக்கப்பட்டு, தங்கள் புதைகுழியைத் தாங்களே தோண்டப் பணிக்கப்பட்டனர். இத்தாலிய இராணுவப் பொலிஸ் படையைச் சேர்ந்த சல்வோ தக்குவிஸ்தோவுக்கும் அப்போது வயது 22. குற்றமற்ற அவர், பழியைத் தாமே ஏற்றார். (அது பொய்யல்லவா என மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்கக்கூடும், கேட்கட்டும்.) மக்கள் விடுவிக்கப்பட்டனர், அவர் சுடப்பட்டார்.

பின்னர் நாடு அவருக்கு வீரத்துக்கான தங்கப்பதக்கம் அளித்தது. 2025 இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. இரண்டும் தகும். ஆனால் பகைவரை வீழ்த்தியதற்காகவா இவை? அன்று அவர் துப்பாக்கியை நீட்டவேயில்லை. தோண்டிய குழியிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கோ, நன்றி சொல்ல அவர் உயிரோடு இல்லை.